மூன்றரை வயதுப் பிள்ளையை ‘ஹைப்பர்’ என்று பள்ளியில் சொன்னால் எதைப் பரிசோதிக்க வேண்டும்?

மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மூன்று வயது ஏழு மாதம். இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தீர்கள். இரண்டு மாதத்தில் வகுப்பு மிஸ் கூப்பிட்டு, “ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், ஹைப்பராக இருக்கிறான், ஏ.டி.எச்.டி. டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். ஏ.டி.எச்.டி. என்பது கவனக் குறைவு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு தொடர்பான கோளாறு. மாமியார், “ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான், அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்” என்கிறார். கணவர் செல்போன்தான் காரணம் என்கிறார். நீங்கள் இணையத்தில், ஆட்டிசம் இருக்குமோ என்று முதல்கட்டமாகப் பார்க்க உதவும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்ததில் 5 மதிப்பெண் வந்து பயந்துபோயிருக்கிறீர்கள். இந்த வயதிலேயே பரிசோதனை செய்யலாமா, ஐந்து வயதுவரை பொறுத்துப் பார்க்கலாமா, ஏதாவது ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள்.

குழந்தை மருத்துவம் படித்து, அதற்குப் பிறகு வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கிற பிரிவிலேயே பல வருடங்களாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போங்கள், இப்போதே போங்கள். ஆனால் மிஸ் சொன்ன காரணத்துக்காகப் போகாதீர்கள். உங்கள் கேள்வி முழுக்க ‘உட்காராமல் ஓடுகிறான்’ என்பதைச் சுற்றியே இருக்கிறது. எனக்கோ நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேறு சில வரிகள்தான் கண்ணில் பட்டன. ஒன்றிலிருந்து இருபது வரை சொல்கிறான், இரண்டு விளம்பரப் பாட்டை வரி பிசகாமல் பாடுகிறான், ஆனால் தாகம் எடுத்தால் ‘தண்ணி’ என்று கேட்காமல் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் குடத்தின் முன்னால் நிறுத்துகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் அவர்களோடு சேராமல் கேட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். இவை கவனக் குறைவைப் பற்றிய தகவல்கள் இல்லை. பேச்சு, காது, பிறரோடு கலந்து பழகும் திறன் ஆகியவற்றைப் பற்றியவை. ‘ஹைப்பர்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவை மறைந்துபோவதுதான் என் கவலை.

ஏ.டி.எச்.டி.யைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மூன்றரை வயதில் அதை உறுதிசெய்வது கடினம், அவசரப்பட வேண்டிய அவசியமும் இல்லை. மனநல, வளர்ச்சிக் கோளாறுகளை வரையறுக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், வயதுக்கு மீறியதாக இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு முன்னால் இயல்பான துறுதுறுப்பையும் இதையும் பிரித்தறிவது சிரமம் என்று அந்தக் கையேடே சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும் 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அப்போதும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது, பெற்றோருக்கான பயிற்சிதான். உங்கள் மகனுக்கு இரண்டு இடம், ஆறு மாதம் என்ற கணக்கே இன்னும் ஆகவில்லை. பள்ளியில் சேர்ந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. மூன்றரை வயதுப் பிள்ளையை முப்பது பேரோடு பெஞ்சில் உட்காரவைத்து, கோடு போட்ட நோட்டில் எழுதச் சொன்னால் எழுந்து ஓடத்தான் செய்யும். வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கைக்கான கடைசித் தேதியாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்களையும் செப்டம்பரில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. வகுப்பில் கடைக்குட்டிகளான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்டது சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரே மாத இடைவெளியில் நோய் கூடுமா என்ன? வகுப்பில் சிறியவனைப் பெரியவனோடு ஒப்பிடுவதால் வருகிற கோளாறு அது. இதற்காக மிஸ் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். தினமும் பல பிள்ளைகளைப் பார்க்கிறவர், ஏதோ வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு என்ன பெயர் என்பதை முடிவுசெய்வது அவர் வேலை இல்லை, அவ்வளவுதான்.

பேச்சு விஷயம் அப்படி இல்லை. அதில் காத்திருக்க முடியாது. பொதுவாக ஒன்பது மாதத்தில் பெயர் சொன்னால் குழந்தை திரும்பும். ஒன்றரை வயதுக்குள் ‘அங்கே பார்’ என்பதுபோல் விரலை நீட்டி எதையாவது காட்டும். இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். மூன்று வயதில் நாம் ஒன்று கேட்டால் அது ஒன்று சொல்லி, திரும்ப நாம் கேட்டால் பதில் வரும் அளவுக்குப் பேச்சு இருக்கும். எண்களையும் பாட்டையும் ஒப்பிப்பது நினைவாற்றல். ‘எனக்கு இது வேண்டும்’, ‘அதைப் பாரேன்’ என்று இன்னொருவருக்குச் சொல்வதுதான் மொழி. உங்கள் மகனுக்கு முதலாவது நன்றாகவே இருக்கிறது, இரண்டாவது வயதுக்கு ஏற்றபடி இல்லை. காரணம் காது கேளாமையாக இருக்கலாம், பேச்சு மட்டும் தாமதமாகியிருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், பொதுவான வளர்ச்சித் தாமதமாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இதில் எது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். எம்-சாட் மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள். அது 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது, உங்கள் மகனுக்கு 43 மாதம். அந்த வயதுக் குழந்தைக்கே 3 முதல் 7 வரை வந்தால் பெற்றோரிடம் மறுபடி விவரமாகக் கேட்டுத்தான் அடுத்து என்ன என்று முடிவுசெய்வோம்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு எல்லாரையும் எட்டிப்பிடிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் புரிதல் நன்றாக இருக்கும், சைகை இருக்கும், கண்ணைப் பார்த்துக் கேட்பார்கள், வாய்தான் திறக்காது. இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் ‘அப்பாவும் இப்படித்தான்’ என்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. பேச்சுத் தாமதம், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எல்லாமே குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியவை. அதனால் மாமியாரையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கணவர் சிறுவயதில் எப்படி இருந்தார் என்பதை அவரைவிட யார் சொல்ல முடியும்? நாக்கு ஒட்டியிருக்கிறது, வசம்பு உரைத்துத் தடவினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் குழறலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதற்கும் விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பதற்கும் நாக்கு என்ன செய்யும்?

செல்போன் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. அதிக நேரம் திரை பார்க்கிற பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாவது பல ஆய்வுகளில் தெரிகிறது. திரையால்தான் பேச்சு தாமதமாகிறதா, பேசாத, அடங்காத பிள்ளையிடம் போனைக் கொடுத்து உட்காரவைக்கிறோமா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டுமே இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யூடியூபில் பேசுகிறார்களே, அப்படி ஒரு நோய் அதிகாரபூர்வமான எந்தப் பட்டியலிலும் இல்லை. போனை நிறுத்துங்கள், இன்றே நிறுத்துங்கள், நல்லதுதான். ஆனால் ‘மூன்று மாதம் போனை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம்’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும்.

முதலில் காது. “காதெல்லாம் நல்லா கேக்குது, டிவில விளம்பரம் வந்தா உள்ளேர்ந்து ஓடி வரான்” என்று அநேகமாக எல்லாத் தாய்மார்களும் சொல்வார்கள். நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஓடி வருகிறான் என்றால் முழுச் செவிடு இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால், தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் எல்லாம் மந்தமாகக் கேட்கும். உயர்ந்த சுருதி மட்டும் கேட்காத பிள்ளைக்குப் பாட்டின் தாளம் தெரியும், ‘ச’வும் ‘த’வும் காதில் விழாது. அதனால் வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் காது பரிசோதனை நடக்க வேண்டும். ஒத்துழைக்கிற பிள்ளைக்கு விளையாட்டாகவே செய்துவிடலாம். ஒத்துழைக்காவிட்டால், ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று தூங்கும்போது பார்க்கிற பெரா சோதனை. அதற்கு நேரம் கொடுத்தால் அன்று அதிகாலையிலேயே பையனை எழுப்பிவிடுங்கள், போகிற வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகிற பட்டைகள் எண்ணெய்ப் பசையில் நிற்காது. தூங்கவைக்க மருந்து கொடுப்பார்கள், சளியோ காய்ச்சலோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வளர்ச்சிப் பரிசோதனை. இதை ‘டெஸ்ட்’ என்றதும் ரத்தம், ஸ்கேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பகுதி பேச்சும் விளையாட்டும்தான். உங்களிடம் கர்ப்ப காலத்திலிருந்து கேட்பார்கள்: பிறந்ததும் அழுதானா, எத்தனை கிலோ, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா, வலிப்பு வந்ததுண்டா, எப்போது நடந்தான், வந்த பேச்சு எப்போதாவது நின்றுபோனதா. சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்பார்கள். குற்றம் சொல்வதற்காக இல்லை, சில வகைக் காது கேளாமையும் சில மரபு நோய்களும் அங்கே கூடுதல் என்பதால் கேட்கிறோம். இதற்கிடையில் பையன் அறையில் என்ன செய்கிறான் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்போம். நான் சோப்புக்குமிழி ஊதுவேன். நாலைந்து முறை ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். சில பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து, டப்பாவை நீட்டி, ‘ம்ம்’ என்றாவது கேட்கும். சில பிள்ளைகள் என் கையை மட்டும் பிடித்து மூடியின் மேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. சில பிள்ளைகள் டப்பாவைப் போட்டுவிட்டு ஃபேனைப் பார்க்கப் போய்விடும். இந்த அரை நிமிடத்தில் கிடைக்கிற தகவல் பத்துப் பக்கக் கேள்வித்தாளில் கிடைக்காது. ஆனால் இதை மட்டும் வைத்தும் முடிவுசெய்யக் கூடாது. புது இடம், பசி, தூக்கம், முந்தின நாள் ஊசி போட்ட பயம் என்று எதுவும் அன்றைய நடத்தையை மாற்றிவிடும். அதனால்தான் வீட்டில் எடுத்த வீடியோ கேட்கிறோம். அவனுக்குத் தெரியாமல் இரண்டு இரண்டு நிமிடமாக எடுங்கள்: தனியாக விளையாடும்போது, சாப்பிடும்போது, பின்னாலிருந்து நீங்கள் கூப்பிடும்போது, வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது. பாடிக் காட்டச் சொல்லி எடுத்த வீடியோ வேண்டாம், அது எங்களுக்குப் பயன்படாது.

அப்புறம் மனநல உளவியலாளர் சில அளவைகளைப் பயன்படுத்துவார். செகுவின் பலகை என்று வட்டம், நட்சத்திரம் போன்ற மரக்கட்டைகளைக் குழிகளில் பொருத்தும் சோதனை, அன்றாட வேலைகளைப் பற்றிய வைன்லேண்ட் கேள்விகள், ஆட்டிசத்துக்கு இந்தியச் சூழலுக்கென்று உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 அம்ச அளவை ஆகியவை நம் பக்கம் சாதாரணமாகப் பார்ப்பவை. இவற்றில் வருகிற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, பேசாத பிள்ளைக்கு மூன்றரை வயதில் ஐ.க்யூ. என்று ஒரு எண் எழுதிக் கொடுத்தால் அது அன்றைய தினத்தின் எண். பேச்சு வந்த பிறகு அந்த எண் எகிறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எழுதுகிற பழக்கமும் உண்டு. வலிப்புச் சந்தேகம், வந்த பேச்சு நின்றுபோவது, தலை அளவில் மாற்றம், ஒரு பக்கம் கை கால் பலவீனம் போன்ற காரணம் இருந்தால் தேவைதான். காரணம் சொல்லாமல் எழுதினால் ‘எதற்காக டாக்டர்?’ என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு பார்ப்பது எளிது, பயனுள்ளது. இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளைகள் பகலில் சோர்ந்து உட்காருவதில்லை, தறிகெட்டு ஓடுவார்கள்.

ஒட்டிக்கொள்ளும் பெயரைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அனுபவமுள்ளவர்கள் நேரம் எடுத்துப் பார்த்து இரண்டு, மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று சொன்னாலும் பிறகு அது பெரும்பாலும் மாறுவதில்லை. லேசான அறிகுறிகள் உள்ள பிள்ளைகளிடம்தான் குழப்பம் வரும், ‘ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்’ என்று நாங்களே சொல்வோம். ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தும் இருக்கலாம். 2013-இல் டி.எஸ்.எம்.-5 வரும்வரை இரண்டையும் ஒரே பிள்ளைக்கு எழுதவே கூடாது என்றிருந்தது, இப்போது எழுதலாம். மருத்துவர் எழுதித் தருகிற அறிக்கை உங்கள் கையில்தான் இருக்கும், நீங்கள் கொடுக்காமல் பள்ளிக்குப் போகாது. அரசு அடையாள அட்டையும் நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயிற்சி தொடங்குவதற்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. பேச்சு தாமதம் என்பது தெரிந்தாலே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். ‘முதலில் என்ன நோய் என்று உறுதியாகட்டும்’ என்று ஒரு வருடத்தைக் கடத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

எங்கே போவது? செலவு பெரிய விஷயம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளின் உடல்நலத்துக்காக மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், குறைபாடுகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சை தொடங்க மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில். குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரையும் ஒரே இடத்தில் வைப்பதற்காகத் தொடங்கியவை, கட்டணம் கிடையாது. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், போவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. தனியார் மையம் என்றால் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்களா என்று கேளுங்கள், பதிவு எண் இருக்கும். பிள்ளையை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, உங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைக்கிற மையம் எனக்குப் பிடிக்காது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவர்கள் செய்வதை மீதி நேரமெல்லாம் வீட்டில் செய்யப்போவது நீங்கள்தான், அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாமா? ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்கிற இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்.

தேதி கிடைக்கும்வரை ஒன்று செய்யலாம். அவன் கையைப் பிடித்து இழுத்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்துவிடாதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, டம்ளரை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ‘தண்ணி’ என்று ஒரே ஒரு சொல் சொல்லி ஐந்து விநாடி காத்திருங்கள். பார்த்தாலோ ஏதாவது சத்தம் எழுப்பினாலோ உடனே கொடுங்கள். அழுகிற அளவுக்கு இழுக்க வேண்டாம். பள்ளியை நிறுத்த வேண்டாம். மிஸ்ஸிடம், எந்த நேரத்தில் எழுந்து ஓடுகிறான், எப்போது உட்காருகிறான், கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், அது எங்களுக்கு ரொம்ப உதவும். காதைச் சோதிக்காமல், பையனோடு பத்து நிமிடம்கூட விளையாடாமல், ‘ஒன்றுமில்லை, அஞ்சு வயசுல சரியாயிடும்’ என்றோ ‘ஏ.டி.எச்.டி., இந்த சிரப்பைக் கொடுங்கள்’ என்றோ ஒரே வரியில் அனுப்பிவிட்டால் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.